பேசாத வீரனும் பேசும் வீரனும்

வீடியோ கேம் என்ற சொல்லைக் கண்டதும் "இது சின்னப் பெடியளின்ர விசயம்" என்று தாண்டிப் போகிறவர்கள் எங்களில் கனபேர். இந்தப் பதிவையும் அப்படித் தாண்டிப் போக நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். விளையாட்டுகளைச் செய்பவர்களுக்குள்ளும் விளையாடுபவர்களுக்குள்ளும் நாற்பது வருசமாக ஒரு வாக்குவாதம் நடக்கிறது. கதையின் நாயகன் வாய் திறந்து பேச வேண்டுமா, பேசாமலே இருக்க வேண்டுமா?

கேட்கச் சின்னக் கேள்வியாகத்தான் இருக்கும். ஆனால் அதைத் தோண்டிக்கொண்டு போனால் வேறொரு கேள்வி வரும். ஒருவனுக்காக யார் பேசுவது? அகதியாக வந்த எங்களுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம்.

1976 இல் அமெரிக்காவில் வில் குரௌதர் என்ற நிரலாளர் ஒரு விளையாட்டை எழுதினார். அவருக்குக் குகைகளுக்குள் இறங்கித் திரிகிற பழக்கம் இருந்தது. கென்டக்கியில் உள்ள மாமத் குகையை மனதில் வைத்தே அந்த விளையாட்டைச் செய்தார். படம் இல்லை, சத்தம் இல்லை, வெறும் எழுத்துத்தான். 1977 இல் டொன் வூட்ஸ் என்பவர் அதை இன்னும் பெருப்பித்தார். அந்த விளையாட்டில் நாயகன் என்று தனியாக ஒருவன் கிடையாது. கொம்பியூட்டர் விளையாடுகிறவரைப் பார்த்து "நீ" என்றே கதைக்கும். நீ இங்கே நிற்கிறாய், நீ இதைக் காண்கிறாய்... அவ்வளவுதான். நாயகன் நீயேதான்.

1986 இல் யப்பானில் இரண்டு விளையாட்டுகள் வந்தன. பெப்ரவரியில் நின்ரெண்டோவின் செல்டா. மே மாதத்தில் யூஜி ஹொரியி உருவாக்கிய டிராகன் குவெஸ்ட். டிராகன் குவெஸ்ட் முழுவதும் 64 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்றைக்கு உங்கள் கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படம் அதைவிடப் பலமடங்கு பெரிது. யப்பானிய எழுத்துகள் எல்லாவற்றையும் வைப்பதற்குக்கூட அதில் இடம் இருக்கவில்லை. ஊரில் இருக்கும் கடைக்காரன், கிழவன், அரசன் எல்லோரும் கதைப்பார்கள். நாயகன் மட்டும் கதைக்க மாட்டான். அவனுக்குப் பெயர் வைப்பதும் நீங்கள்தான். ஏன் அவன் பேசுவதில்லை என்பதற்கு ஹொரியி சொல்லிவந்த காரணம், விளையாடுகிறவரே நாயகன் என்பது.

செல்டாவின் நாயகன் பெயர் லிங்க். இணைப்பு என்று பொருள். விளையாடுகிறவருக்கும் அந்த உலகத்துக்கும் நடுவில் நிற்கும் இணைப்பு என்று அதை உருவாக்கிய மியாமொட்டோ விளக்கியிருக்கிறார். ஆக, இடமில்லாத கஷ்டம் ஒருபக்கம், அதற்குள்ளிருந்தே பிறந்த கொள்கை மறுபக்கம். பஞ்ச காலத்தில் கண்டுபிடித்த கறி பிறகு வீட்டில் எல்லோருக்கும் பிடித்த கறியாகிவிடுவது மாதிரித்தான் இதுவும்.

1993 இல் வந்த டூம் விளையாட்டில் உங்களுடைய சிப்பாய்க்குப் பெயரே இல்லை. திரையின் அடியில் அவனுடைய முகம் மட்டும் தெரியும். அடிவாங்க அடிவாங்க அந்த முகத்தில் இரத்தம் வடியும். அதே வருசம் வந்த மிஸ்ட் விளையாட்டில் அந்த முகமும் இல்லை. ஒரு தீவில் தன்னந்தனியாக நடந்துகொண்டிருப்பீர்கள். நீங்கள் யார் என்று சொல்ல ஆளில்லை.

பிறகு சிடி வந்தது. 64 கிலோபைட் எங்கே, 650 மெகாபைட் எங்கே! குரலைப் பதிந்து வைக்க இடம் கிடைத்துவிட்டது. 1998 இல் யப்பானின் கொனாமி நிறுவனம் வெளியிட்ட மெற்றல் கியர் சொலிட் இரண்டு சிடிகளில் வந்தது. அதன் நாயகன் ஸ்னேக்குக்கு ஆங்கிலத்தில் டேவிட் ஹேய்ட்டர் குரல் கொடுத்தார். ஸ்னேக் நிறையக் கதைப்பான். அவனுக்கென்று ஒரு கடந்தகாலம், ஒரு களைப்பு, ஒரு கசப்பு இருந்தது. விளையாடுகிறவர் இனி ஸ்னேக் இல்லை, ஸ்னேக்குக்குப் பக்கத்தில் நடக்கிற ஆள்.

இனி எல்லா நாயகர்களும் பேசத் தொடங்கிவிடுவார்கள் என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். ஆனால் அதே 1998 நவம்பரில் அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் ஹாஃப் லைஃப் விளையாட்டை வெளியிட்டது. அதன் நாயகன் கோர்டன் ஃப்ரீமன், எம்.ஐ.டியில் படித்துக் கலாநிதிப் பட்டம் பெற்ற பௌதீக விஞ்ஞானி. இவ்வளவு படித்த மனுசன் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு சொல் பேசவில்லை. முழுக் கதையையும் அவனுடைய கண்களால்தான் பார்க்கிறோம். இம்முறை இடப் பற்றாக்குறை காரணம் இல்லை. மற்றவர்களெல்லாம் குரலோடு கதைக்கிறார்கள். மௌனத்தை வேண்டுமென்றே தெரிவு செய்தார்கள்.

2004 இல் இரண்டாம் பாகம் வந்தபோது ஃப்ரீமன் அந்த உலகத்துக்கு மீட்பனாகிவிட்டான். சுவருக்குச் சுவர் அவன் பேச்சு. ஒருவர் அவனைக் கும்பிடுகிறார், இன்னொருவர் சபிக்கிறார். கூட வரும் அலிக்ஸ் என்ற பெண் அவன் பேசாமல் இருப்பதைப் பகிடி பண்ணுகிறாள். அவன் என்ன நினைக்கிறான் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அவன் யார் என்பதை எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். வாய் திறக்காதவனுக்கு வரலாற்றை ஊரே எழுதிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அதே நிறுவனம் 2011 இல் வெளியிட்ட போர்ட்டல் 2 இன் தொடக்கத்தில் ஒரு காட்சி உண்டு. ஒரு இயந்திரம் உங்களிடம் "அப்பிள்" என்று சொல்லிக் காட்டச் சொல்கிறது. பேசுவதற்கு அழுத்த வேண்டிய பொத்தானும் திரையில் தெரிகிறது. அழுத்துகிறீர்கள். நாயகி ஷெல் துள்ளுகிறாள்! அது உண்மையில் துள்ளுவதற்கான பொத்தான். விழுந்து விழுந்து சிரிக்கலாம். ஆனால் மொழி தெரியாத நாட்டில் ஒரு வருசம் இருந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு கொஞ்சம் தொண்டையில் நிற்கும். பேச வேண்டிய இடத்தில் தலையை ஆட்டி, கையைக் காட்டி, சிரித்துச் சமாளித்தவர்கள் நாங்கள்.

2007 இல் வந்த பயோஷொக் இந்த மௌனத்தை நெஞ்சுக்கு நேராகவே கேள்வி கேட்டது. (இன்னும் விளையாடாதவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம்.) அதன் நாயகன் ஜாக், தொடக்கத்தில் ஓரிரு வரிகளைத் தவிர, பேசுவதில்லை. வானொலியில் ஒரு குரல் மரியாதையாக அதைச் செய், இதைச் செய் என்று கேட்கிறது, நாங்களும் செய்கிறோம். பாதி வழி தாண்டியபின் தெரிகிறது, அந்த மரியாதைச் சொற்றொடரைக் கேட்டாலே கீழ்ப்படியும்படி அவனைச் சிறுவயதிலிருந்தே பழக்கியிருக்கிறார்கள் என்று. மௌனம் என்பது சுதந்திரம், அந்த வெற்றிடத்தை நீங்களே நிரப்பலாம் என்று இருபது வருசமாகச் சொல்லிவந்தார்கள். இந்த விளையாட்டு அதைத் திருப்பிப் போட்டது. பேசாதவன் சுதந்திரமானவன் அல்ல, சொன்னதைச் செய்கிறவன்.

இனிப் பேசும் நாயகன் பக்கம் வருவோம். இதற்குக் கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ வரிசையைப் பார்த்தாலே போதும். (இது பெரியவர்களுக்கான விளையாட்டு, பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு என்னைத் திட்ட வேண்டாம்.) 2001 இல் வந்த மூன்றாம் பாகத்தின் நாயகன் குளோட் ஊமைபோல் திரிந்தான். 2002 இல் வைஸ் சிட்டி வந்தபோது நாயகன் டொமிக்கு ஹொலிவூட் நடிகர் ரே லியோட்டா குரல் கொடுத்தார். 2004 இல் வந்த சான் அன்ட்ரியாஸில் குளோட் ஒரு சின்னப் பாத்திரமாகத் தலைகாட்டினான், அப்போதும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

2008 இல் நான்காம் பாகத்தில் நிக்கோ பெலிக் வந்தான். எனக்கு மிகவும் நெருக்கமான நாயகன் இவன்தான். யூகோசிலாவியா உடைந்தபோது நடந்த போரில் சின்ன வயதிலேயே துப்பாக்கி தூக்கியவன். நியூயோர்க்கைப் பார்த்துச் செய்த ஒரு நகரத்துக்குக் கப்பலில் வந்து இறங்குகிறான். முன்பே அங்கு வந்துவிட்ட ஒன்றுவிட்ட சகோதரன் ரோமன், மாளிகை, கார், பெண்கள் என்று சொல்லியிருந்தான். வந்து பார்த்தால் கரப்பான் பூச்சி ஓடும் ஒரு சின்ன வீடும் ஒரு டாக்சிக் கொம்பனியும்தான். வேறு யாருடையவோ காருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பிய எங்கட ஆக்களை நினைத்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் நிக்கோ வந்தது காசுக்காக மட்டும் அல்ல. போரில் தன்னுடைய கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்தவனைத் தேடி வந்திருக்கிறான். போரில் கண்டவற்றை, தான் செய்தவற்றை, கார் ஓட்டிக்கொண்டே இடைக்கிடை ரோமனுக்குச் சொல்கிறான். உச்சரிப்பு உடைந்த ஆங்கிலத்தில்.

இந்த மனுசன் குளோட்டைப்போல் ஊமையாக இருந்திருந்தால் எனக்கு அவன் யாரோ ஒரு துப்பாக்கிக்காரன். பேசியபடியால்தான் அவன் ஒரு ஆள். இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். கொலை செய்து களைத்துவிட்டேன் என்று காட்சியில் வருந்துகிறான். காட்சி முடிந்ததும் விளையாடுகிறவர் அவனைக்கொண்டு வீதியில் போகிற வருகிறவர்களையெல்லாம் இடித்துத் தள்ளலாம். வாய் ஒன்று சொல்ல, கை வேறொன்றைச் செய்கிறது.

மூன்றாவது வழியையும் சிலர் முயன்றார்கள். நாயகனுக்குக் குரலும் இருக்கட்டும், என்ன பேசுவது என்பதை விளையாடுகிறவர் தெரிவு செய்யட்டும் என்றார்கள். 2007 இல் மாஸ் இஃபெக்ட் இதை நன்றாகவே செய்தது. 2015 இல் ஃபோல்அவுட் 4 இல் ஆண் குரலுக்கும் பெண் குரலுக்குமாக ஒவ்வொருவரும் 13,000 வரிகளுக்குமேல் பதிந்தார்கள். ஆனாலும் இரசிகர்கள் சலித்துக்கொண்டார்கள். காரணம், திரையில் ஓரிரண்டு சொற்கள்தான் தெரியும். அதை நம்பிப் பொத்தானை அழுத்தினால் நாயகன் நீங்கள் நினைக்காத ஒன்றைச் சொல்லுவான். முழு வசனத்தையும் முன்கூட்டியே காட்டுவதற்கு இரசிகர்களே ஒரு ஒட்டு நிரல் எழுதிவிட்டார்கள். அதே பெதெஸ்டா நிறுவனம் 2023 இல் ஸ்டார்ஃபீல்டை வெளியிட்டபோது நாயகனைத் திரும்பவும் குரலற்றவனாக்கிவிட்டது.

இந்த இரசிகர்களின் கோபம் எனக்கு நன்றாக விளங்கும். ஜேர்மனியில் என்னுடைய அகதி வழக்கு விசாரணை நடந்தபோது மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருந்தார். நான் சொல்வதை அவர் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும், அதுதான் முறை. நான் ஐந்து நிமிசம் கதைத்தேன். அவர் இரண்டு வசனம் சொன்னார். அதிகாரி என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தே எழுதினார். என்ர வாழ்க்கை அறைக்குள் இன்னொருவருடைய குரலில் நடந்து போனது. அந்த மொழி தெரியாத எனக்கு அது சரியா பிழையா என்றும் தெரியாது. என்னைப் பேசவிடாமல் யாரும் தடுக்கவில்லை. எனக்குக் குரல் இருந்தது. அது என்னுடையதாக இருக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் பேசுவதா, பேசாமல் இருப்பதா என்ற வாக்குவாதமே அரைவாசி பிழையான வாக்குவாதம் என்று நினைக்கிறேன். மௌனம் என்று வைத்தால் அது யாருடைய மௌனம், குரல் என்று வைத்தால் அது யாருடைய குரல் என்று கேட்க வேண்டும்.

2017 இல் வந்த இரண்டு விளையாட்டுகள் இதைச் சரியாகப் பிடித்தன. ஒன்று செல்டாவின் பிரெத் ஒஃப் த வைல்ட். லிங்க் முப்பது வருசத்துக்குப் பிறகும் பேசவில்லை. ஆனால் இளவரசி செல்டாவின் நாட்குறிப்பு ஒன்று கோட்டைக்குள் கிடைக்கும். ஏன் எப்போதும் பேசாமல் இருக்கிறாய் என்று அவள் அவனிடமே கேட்டிருக்கிறாள். எல்லோருடைய கண்ணும் தன்மேல் இருப்பதால் எதையும் வெளிக்காட்டாமல் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று அவன் நினைக்கிறான் என அதில் எழுதியிருக்கிறாள். 1986 இல் தொடங்கிய மௌனத்துக்கு ஒரு மனுசக் காரணம் கிடைத்துவிட்டது. அப்படிப்பட்ட மௌனத்தை எங்கட அப்பாக்களிடம் பார்த்திருக்கிறோம்.

மற்றது பிரான்சில் செய்த பெரி மீ மை லவ் என்ற சின்ன விளையாட்டு. நூர் என்ற சிரியப் பெண் ஐரோப்பாவை நோக்கிப் புறப்படுகிறாள். அவளுடைய கணவன் மஜ்த் சிரியாவிலேயே தங்கிவிடுகிறான். நீங்கள் நூர் இல்லை, மஜ்த். அவள் தொலைபேசியில் அனுப்பும் செய்திகளுக்குப் பதில் எழுதுவதுதான் விளையாட்டு. எந்தப் பாதையால் போவது என்று நீங்கள் புத்தி சொல்லலாம். அவள் கேட்பாள், கேட்காமலும் விடுவாள். சில வேளைகளில் பதில் வராது. படகு ஏறிய பிள்ளையின் தொலைபேசிக்காக இரவு முழுக்க முழித்திருந்த வீடுகளுக்கு அந்த மௌனத்தை நான் விளக்க வேண்டியதில்லை. அகதியின் கதையை "இந்தா, நீயே அகதி" என்று விளையாடுகிறவருக்கு உடுப்பு மாட்டிவிடாமல், அவளுடைய வாயாலேயே சொல்ல விட்டதுதான் அதன் பெருமை.

2024 இல் ஹொரியி ஒரு உரையாடலில், படங்கள் நிசம்போல் ஆகிவிட்ட காலத்தில் சும்மா நிற்கும் நாயகன் முட்டாள்போலத் தெரிகிறான் என்று ஒப்புக்கொண்டார். பேசாத நாயகனைப் பிரபலப்படுத்தியவரே அப்படிச் சொல்கிறார். அப்படியென்றால் மௌனத்தின் காலம் முடிந்துவிட்டதா? எனக்கு அப்படித் தெரியவில்லை. காரணம் உள்ள மௌனத்துக்கு எப்போதும் இடம் இருக்கும்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை திரைக்கு முன்னால் இருக்கும். அடுத்த முறை "நிப்பாட்டிப்போட்டுப் படி" என்று சொல்லுமுன் பக்கத்தில் ஒரு ஐந்து நிமிசம் இருந்து, "உன்ர ஆள் கதைக்க மாட்டானோ?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை சொல்லும் பதிலை எனக்கும் எழுதுங்கள்.