பெட்டி இல்லாமல் வந்த கணினி

2012 பிப்ரவரி 29 அன்று ராஸ்பெர்ரி பை விற்பனைக்கு வந்தது. விலை 35 டாலர். கிரெடிட் கார்டு அளவில் ஒரு பச்சைப் பலகை, அவ்வளவுதான். பெட்டி கிடையாது. முதல் பதிப்பில் ஸ்க்ரூ போட ஓட்டைகூட விடவில்லை! நான் ஒன்று வாங்கி, காலியான ஸ்வீட் பாக்ஸுக்குள் வைத்து, ஒயர் போக பிளேடால் வெட்டினேன். அறைத்தோழன் பார்த்துவிட்டு, “மைசூர்பாக் மிச்சம் இருக்காடா?” என்றான். சூடானதால் மூடியைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டினேன்.

இது என்ன அரைகுறை வியாபாரம் என்று எரிச்சலாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, இதே எரிச்சல் 1976-லேயே கலிஃபோர்னியாவில் ஒரு கடைக்காரருக்கு வந்திருக்கிறது என்று.

‘பைட் ஷாப்’ நடத்திய பால் டெரல், ஆப்பிள்-1 கணினிகள் 50-க்கு ஆர்டர் கொடுத்திருந்தார். முழுசாக வரும் என்று நினைத்தார். ஸ்டீவ் ஜாப்ஸ் கொண்டுவந்தது பாகங்கள் பற்றவைத்த வெறும் பலகைகளை. கீபோர்டு, டிரான்ஸ்ஃபார்மர், திரை, பெட்டி எதுவும் இல்லை. ஆனாலும் பணத்தைக் கொடுத்தார். சில்லறை விலை 666.66 டாலர். மொத்தமே சுமார் 200 பலகைகள்தான் செய்தார்கள்.

மிச்ச வேலை வாங்கியவர்கள் தலையில் விழுந்தது. எனக்குப் பிடித்த பகுதியே இதுதான். ஆளுக்கொரு தச்சராகிவிட்டார்கள். டிரான்ஸ்ஃபார்மருக்கு இடம் விட வேண்டும், சூடு வெளியேற வழி வேண்டும், கீபோர்டு கைக்கு எட்ட வேண்டும். பலகையைப் புரிந்துகொள்ளாமல் இந்தப் பெட்டியைச் செய்ய முடியாது. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஆப்பிள்-1, கையால் செய்த அப்படியொரு மரப்பெட்டியில்தான் இருக்கிறது. கோவா மரத்தில் செய்த பெட்டிகளும் உண்டு (அது ஹவாய்த் தீவு மரம், நம்ம கோவாவுக்குச் சம்பந்தமில்லை).

1977-ல் ஆப்பிள் II வழவழப்பான பிளாஸ்டிக் உடலோடு வந்தது. தச்சு வேலை முடிந்தது. பழைய ஆப்பிள்-1 பலகைகளைத் திரும்ப வாங்கி அழிக்கவும் செய்தார்கள். கலிஃபோர்னியாவில் ஒரு கல்லூரி ஆசிரியர், ஆப்பிள் II வாங்குவதற்காகத் தன் ஆப்பிள்-1-ஐ மாணவர் ஒருவருக்கு 650 டாலருக்கு விற்றார். கோவா மரப்பெட்டியோடு அது 2021 நவம்பரில் ஏலத்தில் 4 லட்சம் டாலருக்குப் போனது.

என் ஸ்வீட் பாக்ஸ் இன்னும் அலமாரியில் இருக்கிறது. பலகைதான் எங்கே போனதென்று தெரியவில்லை.