மலாயாப் புலி தூக்கில் தொங்கியது எதற்காக?

ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி நம் வீடுகளில் பேச்செடுத்தால், பழியெல்லாம் பெரும்பாலும் ஒரே பெயரில் வந்து விழும். ஜெனரல் தோமோயுகி யமாஷிதா, 'மலாயாப் புலி' என்று பட்டம் பெற்றவர். ஆனால் அவர் இந்த மண்ணில் இருந்ததோ எட்டு மாதத்திற்கும் குறைவுதான்!

1885-ல் ஷிகோக்கு தீவில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தவர். 1936-ல் தோக்கியோவில் கிளர்ச்சி செய்த இளம் அதிகாரிகளிடம் பரிவு காட்டியதால், பேரரசரின் அதிருப்திக்கு ஆளாகிக் கொரியாவுக்கு அனுப்பப்பட்டார். அப்படி ஓரங்கட்டப்பட்டவரிடம்தான் 1941-ல் 25-ஆவது படை ஒப்படைக்கப்பட்டது.

டிசம்பர் 8-ஆம் தேதி அதிகாலையில் கோத்தா பாருவில் அந்தப் படை கரையிறங்கியது. டாங்கிகள் சிலிம் ரிவரைப் பிளந்துகொண்டு வந்தன. காலாட்படை சைக்கிளில் வந்தது. டயர் கிழிந்தால் வெறும் சக்கரத்திலேயே ஓட்டினார்களாம். எழுபதே நாளில், 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி, புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் பெர்சிவல் சரணடைந்தார். ஏறத்தாழ 30,000 பேரைக் கொண்டு, தம்மைவிட இரண்டு மடங்குக்கும் மேலான படையைப் பணிய வைத்தார் யமாஷிதா. குண்டுகள் தீர்ந்துகொண்டிருந்ததை மறைத்து ஆடிய ஆட்டம் அது என்று பின்னர் அவரே எழுதினார்.

அடுத்து நடந்ததுதான் கொடுமை. 'சூக் சிங்' என்ற பெயரில் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் ஆயிரக்கணக்கான சீனர்கள் கொல்லப்பட்டனர். அப்போது தளபதி அவர்தான். அந்தப் பழியிலிருந்து அவருக்கு விடுதலை கிடையாது. ஆனால் நம் தோட்ட மக்களைச் சயாம் மரண ரயில்பாதைக்குப் பெருமளவில் அள்ளிச் சென்றது 1943-ல். அப்போது அவர் மஞ்சூரியாவில் இருந்தார். 1942 ஜூலையிலேயே அங்கு மாற்றிவிட்டார்கள். வெற்றி வீரன் தலைநகருக்கு வந்து புகழ் பெறுவதைத் தோஜோ விரும்பவில்லை என்பார்கள்.

1944 அக்டோபரில், போர் கைநழுவிய நேரத்தில், பிலிப்பைன்சுக்கு அனுப்பினார்கள். 1945 பிப்ரவரியில் மணிலாவில் கடற்படையினர் வெறியாட்டம் ஆடினர். அந்த நகரப் போரில் மாண்ட பொதுமக்கள் சுமார் ஒரு லட்சம். யமாஷிதாவோ வடக்கே மலைப்பகுதியில் இருந்தார். மணிலாவைக் கைவிடச் சொல்லியிருந்தார். 'எனக்குத் தெரியாது' என்பதே அவர் வாதம். தன் படையைக் கட்டுப்படுத்தத் தவறியதே குற்றம் என்றது அமெரிக்க ராணுவ மன்றம். தீர்ப்பளித்த ஐந்து ஜெனரல்களில் ஒருவர்கூட வழக்கறிஞர் அல்லர். தீர்ப்பு நாள் டிசம்பர் 7, பெர்ல் ஹார்பர் தாக்குதலின் நான்காம் ஆண்டு நிறைவு. தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலும் மர்ஃபி, ரட்லெட்ஜ் என்ற இரு நீதிபதிகள் கடுமையாக மறுப்பு எழுதினர். மற்ற ஆறு பேரின் முடிவே நின்றது.

1946 பிப்ரவரி 23-ஆம் தேதி லோஸ் பான்யோசில், ராணுவ உடையும் பதக்கங்களும் பறிக்கப்பட்ட நிலையில் அவர் தூக்கிலிடப்பட்டார். சூக் சிங் வழக்கு சிங்கப்பூரில் விசாரணைக்கு வந்தது 1947-ல்தான். அதில் இருவர் தூக்கு மேடை ஏறினர். படைத்தலைவரிடம் அதைப் பற்றிக் கேள்வி கேட்க அப்போது அவர் உயிரோடு இல்லை.