சிப்பியும் மணியும்

ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையில் கலீசியா என்னும் கடலோர நிலப்பகுதி உள்ளது. அங்குள்ள சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா என்ற ஊரில், ஈஸா நபி (அலை) அவர்களின் சீடர்களுள் ஒருவரான யாக்கோபு அடங்கியிருப்பதாகக் கிறிஸ்தவர்கள் நம்புகின்றனர். நம் தமிழகக் கத்தோலிக்கர்கள் சந்தியாகப்பர் என்று அழைப்பது இவரைத்தான். இராமேசுவரத்தை அடுத்த தங்கச்சிமடத்தில் அவர் பெயரால் ஒரு தேவாலயமும் உண்டு. அரபு வரலாற்று நூல்களில் அந்த ஸ்பானிய ஊரின் பெயர் ‘ஷந்த் யாகூப்’.

ஐரோப்பாவின் பல திசைகளிலிருந்தும் யாத்திரிகர்கள் அவ்வூருக்குக் கால்நடையாகச் செல்லும் பாதைகள் ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டவை. 1987 அக்டோபர் 23 அன்று ஐரோப்பிய மன்றம் இப்பாதைகளை முதலாவது ஐரோப்பியப் பண்பாட்டு வழியாக அறிவித்தது. 1993-ல் ஸ்பெயினில் உள்ள பகுதியை யுனெஸ்கோ உலக மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. வழிநெடுக நடப்பட்டுள்ள சின்னம் எளிமையானது: நீல நிறத்தளத்தில் மஞ்சள் நிறச் சிப்பி ஒன்று. விசிறி போல் விரிந்த அதன் கோடுகள் யாவும் ஒரு புள்ளியில் வந்து கூடுகின்றன. பல பாதைகள், ஓர் ஊர் என்பது அதன் பொருள்.

இச்சிப்பி இன்று நேற்றுப் பிறந்த சின்னமன்று. கலீசியாவின் கடற்கரையில் இவ்வகைச் சிப்பி மிகுதி. நம் ஹாஜிகள் ஜம்ஜம் நீரும் பேரீச்சம் பழமும் கொணர்வது போல, அந்த யாத்திரிகர்கள் சென்று வந்ததன் அடையாளமாகச் சிப்பியை ஆடையில் தைத்துக்கொண்டு ஊர் திரும்பினர். கி.பி. 12-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட கலிக்ஸ்துஸ் ஏடு என்னும் இலத்தீன் நூல் இதற்கு விளக்கமும் தருகிறது. சிப்பியின் வரிகள் கைவிரல்களைப் போன்றவையாம். கை செய்ய வேண்டியது நற்செயலாம். அதன் இரு ஓடுகள் இறையன்பும் பிறரன்புமாம்.

இதைப் படித்தபோது நம் நினைவு குர்துபாவின் பெரிய பள்ளிவாசலுக்குச் சென்றது. கலீஃபா இரண்டாம் ஹகம் அப்பள்ளியை விரிவுபடுத்தி, ஹிஜ்ரி 354-ல் (கி.பி. 965) எழிலார்ந்த மிஹ்ராபை நிறைவு செய்தார். அந்த மிஹ்ராபின் உள்ளே நின்று அண்ணாந்து பார்ப்பவர் காண்பது என்ன? விரிந்த சிப்பி ஒன்றின் வடிவத்தையே! அது ஸ்பெயினில் தோன்றிய புதுமையும் அன்று. பக்தாதின் காஸகீ பள்ளிவாசலில் இருந்து எடுத்துப் பாதுகாக்கப்படும் பழைய பளிங்கு மிஹ்ராபின் தலைப்பகுதியும் சிப்பி வடிவமே. அதற்கும் முன்னர், ஷாம் நாட்டின் தூரா யூரோப்போஸ் நகரில் 3-ஆம் நூற்றாண்டில் யூதர்கள் தவ்ராத் வைக்க அமைத்த மாடத்தின் மேலும் சிப்பி இருந்தது. ரோமர்கள் தங்கள் தெய்வச் சிலைகளின் பின்னேயும் இதைச் செதுக்கினர். உயர்ந்தது என்று தாம் கருதியதற்கு ஒரு குடையாக இவ்வடிவத்தை ஒவ்வொரு சமுதாயமும் எடுத்துக்கொண்டது. சிப்பி ஒன்றே, அதனுள் வைத்த முத்து அவரவருடையது.

ஆனால், சிப்பியைச் சொல்லி மணியைச் சொல்லாமல் விட்டால் வரலாறு முழுமை பெறாது.

அந்தலுஸின் ஹாஜிபாக இருந்து ஆட்சி நடத்திய அல்மன்ஸூர் இப்னு அபீ ஆமிர், ஹிஜ்ரி 387-ல், அதாவது கி.பி. 997-ல், ஷந்த் யாகூப் மீது படையெடுத்தார். நகரும் தேவாலயமும் இடிக்கப்பட்டன. அவருடைய படையில் கிறிஸ்தவச் சிற்றரசர்களும் இருந்தனர் என்பது கருதத்தக்கது. ஹிஜ்ரி 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய இப்னு இதாரி, தம் ‘அல்பயானுல் முக்ரிப்’ நூலில் இதை விரிவாக எழுதுகிறார். அந்த ஆலயம் கிறிஸ்தவர்களுக்கு, நமக்குக் கஃபா எப்படியோ அப்படி என்று அவர் மறைக்காமல் கூறுகிறார். ஊரே ஓடிவிட்ட நிலையில், அடக்கத்தலத்தின் அருகே முதிய துறவி ஒருவர் மட்டும் அமர்ந்திருந்தார். ஏன் இங்கிருக்கிறீர் என்று அல்மன்ஸூர் கேட்க, யாகூபுக்குத் துணையாக இருக்கிறேன் என்றாராம் அவர். அவரைத் தொடக்கூடாது என ஆணை பிறந்தது. அடக்கத்தலத்திற்குக் காவலும் போடப்பட்டது.

தேவாலயத்தின் மணிகள் குர்துபாவுக்குக் கொண்டுவரப்பட்டன. சிப்பி மிஹ்ராப் அமைந்த அதே பள்ளிவாசலில் அவை விளக்குகளாகத் தொங்கின. 239 ஆண்டுகள் சென்றன. 1236-ல் காஸ்தீல் மன்னர் மூன்றாம் பெர்னாந்து குர்துபாவைக் கைப்பற்றிப் பள்ளிவாசலைத் தேவாலயமாக்கினார். மணிகள் மீண்டும் ஷந்த் யாகூபுக்குச் சென்றன. இம்முறை அவற்றைச் சுமந்தவை முஸ்லிம் கைதிகளின் தோள்கள்.

நாம் மதரஸாவில் ஓதிய நாள்களில் அல்மன்ஸூரின் வெற்றிகளை மெய்சிலிர்க்கக் கேட்டோம். பின்னர் ஆசிரியராகி, நம் மாணவர்க்கும் அவ்வாறே சொன்னோம். மணிகள் குர்துபாவுக்கு வந்த இடத்தில் நம் பாடம் முடிந்துவிடும். அவை திரும்பிப் போனதைச் சொல்ல நேர்ந்தால் அதைத் தனியே, துயரக் கதையாகச் சொல்வோம். இரண்டும் ஒரே கதை என்பது நமக்கு வெகுநாள் கழித்தே உறைத்தது. நீதியில் நிலைத்திருங்கள், அது உங்களுக்கே எதிராயினும் சரி என்று அந்நிஸா அத்தியாயம் பணிக்கிறது. மடங்களும் தேவாலயங்களும் யூத ஆலயங்களும் பள்ளிவாசல்களும் இறைவனின் பெயர் நினைவுகூரப்படும் இடங்கள் என்று அல்ஹஜ் அத்தியாயம் அவற்றை ஒருசேர எண்ணுகிறது. ஷாமுக்குப் படை அனுப்பிய அபூபக்ர் (ரலி) அவர்கள், துறவிகளை அவர்கள் போக்கில் விட்டுவிடுமாறு அறிவுறுத்தினார்கள். இந்த அளவுகோலால் அளந்தால், முதியவரைக் காத்த அல்மன்ஸூரை நாம் போற்றலாம்; ஆலயத்தை இடித்த அல்மன்ஸூரைப் போற்ற நமக்கு வழியில்லை.

அதே அளவுகோல் மறுபக்கத்திற்கும் உண்டு. 844-ல் கிளாவிஹோ என்னுமிடத்தில் நடந்த போரில் யாக்கோபு வெண்குதிரை மேல் தோன்றி முஸ்லிம்களை வெட்டி வீழ்த்தினார் என்றொரு கதை பிற்காலத்தில் கட்டப்பட்டது. அப்படியொரு போரே நடக்கவில்லை என்பது இன்றைய வரலாற்றாய்வாளர் முடிவு. ஆயினும், ‘மூர்களைக் கொல்பவர்’ என்ற பட்டத்தோடு அவருக்குச் சிலைகள் எழுந்தன. சந்தியாகோ தேவாலயத்திலேயே அப்படியொரு சிலை உண்டு. அதை அகற்றப்போவதாக 2004-ல் அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு எழவே கைவிடப்பட்டது. குதிரையின் காலடியில் வீழ்ந்து கிடக்கும் முஸ்லிம்களின் உருவங்களை மலர்கள் மறைத்தன. மலர் மறைக்கும்; ஆனால் மாற்றாது.

வழிச் சின்னத்திற்கு வாளேந்திய குதிரைவீரரைத் தேர்ந்தெடுக்காமல் சிப்பியைத் தேர்ந்தெடுத்தனரே, அது நல்லதொரு தேர்வு. ஒரு சமுதாயம் தன் கடந்த காலத்திலிருந்து எதை எடுத்து முன்னே வைக்கிறது என்பதில்தான் அதன் நாளைய எண்ணம் தெரிகிறது. நம் பிள்ளைகளுக்கு நாம் எதை எடுத்து வைக்கப் போகிறோம்? வெற்றியில் வந்த மணியை மட்டுமா?

இப்போதெல்லாம் நாம் அந்தலுஸ் பாடத்தை 997-ல் நிறுத்துவதில்லை. மணிகள் சென்ற வழியையும் திரும்பிய வழியையும் ஒரே மூச்சில் சொல்கிறோம். நடுவே, ஊரார் யாவரும் ஓடிவிட்ட பின்னும் அடக்கத்தலத்தைப் பிரியாத அந்த முதியவரைச் சொல்லவும் மறப்பதில்லை. மாணவர்கள் அதிகம் கேள்வி கேட்பது அவரைப் பற்றித்தான்.