உருளைகளின் இரும்பு
மெர்லிமாவ் முதலான மலாக்கா மாநிலத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் மரம் சீவிச் சேர்த்த ரப்பர் பால், அமிலம் கலந்து உறையவைக்கப்பட்டபின், வார்ப்பிரும்பு உருளைகளுக்கிடையே நசுங்கித் தகடானது. அமுக்கத்தை நன்கு தாங்கினாலும், கிராஃபைட் என்னும் கரிமம் செதில்களாகப் பரவி விரிசலுக்கு வழிவிடுவதால், அவ்விரும்பு அடிபட்டால் எளிதில் உடையும். அதன் இழுவலிமை பெரும்பாலும் 150 முதல் 400 மெகாபாஸ்கல்தான். 1943-இல் அமெரிக்காவில் கீத் மில்லிஸ் உருகிய இரும்பில் சிறிதளவு மக்னீசியம் சேர்க்க, செதில்கள் உருண்டைகளாயின. உடையாமல் நீண்டு வளையும் நீள்மை வார்ப்பிரும்பு இவ்வாறு பிறந்தது. அதனை ஏறத்தாழ 900 பாகைக்குச் சூடாக்கி, 250 முதல் 400 பாகை வெப்பமுள்ள உருகிய உப்பில் நிறுத்திவைக்கும் பதப்படுத்தல், இழுவலிமையை 800 முதல் 1600 மெகாபாஸ்கல் வரை உயர்த்தியது உலோகவியலின் அரிய வெற்றி. 1970களில் அம்முறை தொழிற்சாலைகளை எட்டியபோது, மலேசியத் தோட்டங்களில் ரப்பரின் இடத்தைச் செம்பனை பிடித்துக்கொண்டிருந்தது.