முதலில் விழிப்பவன்

பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து அந்த ஊரின் வாழ்வு நூலோடு நூலாகப் பின்னிக் கிடக்கிறது. புதிதாகக் கட்டிய ஒரு மில்லை முதன்முதலாக ஓட்டும் நாளைச் சற்றே நினைத்துப் பாருங்கள். புளோரூமில் பஞ்சு உதற வேண்டும். பிறகு கார்டிங், அதன்பின் டிராயிங், சிம்ப்ளெக்ஸ், அப்புறந்தான் ஸ்பின்னிங். முன்னது ஓடாமல் பின்னதற்கு வேலை இல்லை. எதை எப்போது எழுப்புவது என்று தெரிந்த ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும்.

கம்ப்யூட்டருக்குள்ளும் அப்படி ஒருவன் இருக்கிறான். விசையைத் தட்டியதும் திரையில் படம் வருவதற்குள் எத்தனையோ வேலைகள் முறைப்படி எழுந்தாக வேண்டும். அவற்றை எழுப்புகிறவனுக்கு 'இனிட்' என்று பெயர். லினக்ஸில் ஒன்றாம் எண் அவனுக்குத்தான். அவன் விழுந்தால் எல்லாமே விழும். இந்த மூத்த சேவகனை மாற்றலாமா, கூடாதா என்று எழுந்த தகராறுதான் நான் சொல்ல வந்த சரித்திரம்.

இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். 2011-இல் தமிழக அரசு பிளஸ் டூ மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. ராஜபாளையத்துப் பிள்ளைகளும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகளும் அதைப் பெற்றார்கள். விண்டோஸோடு கூட அதில் 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-இல் வெளியிட்டது அது. அதற்கு அஸ்திவாரம் டெபியன். 1993-இல் இயன் மர்டாக் தொடங்கி, உலகெங்குமுள்ள தொண்டர்கள் கூலி வாங்காமல் கட்டிய மாளிகை. அஸ்திவாரத்தில் கடப்பாரை விழுந்தால் மேல்மாடியில் குடியிருப்பவருக்கும் அதிரத்தானே செய்யும்?

பழைய இனிட் நிதானமான பேர்வழி. ஒரு வேலை முடிந்தால்தான் அடுத்ததைத் தொடுவான். ஆனால் அவனுடைய கட்டளைகள் எல்லாம் சாதாரண எழுத்தில் இருக்கும். ஓரளவு விஷயம் தெரிந்தவன் திறந்து படிக்கலாம், திருத்தலாம். 2010-இல் லென்னார்ட் பெட்டரிங், கே சீவர்ஸ் என்ற இரு பொறியாளர்கள் 'சிஸ்டம்டி' என்ற புதியவனைக் கொண்டுவந்தார்கள். அவனுடைய சாமர்த்தியம் எளிமையானது. தபால் பெட்டியை முன்கூட்டியே வைத்துவிட்டால், தபால்காரர் வரும்வரை கடிதம் போடுகிறவர் காத்திருக்க வேண்டாமல்லவா? அதைப்போலப் பெட்டிகளை முதலில் வைத்துவிட்டு, வேலைகள் அனைத்தையும் ஒரே சமயத்தில் எழுப்பினான். எது செத்தது, எது பிழைத்தது என்ற கணக்கும் அவன் கையில். 2011-இல் ஃபெடோரா அவனை ஏற்றுக்கொண்டது.

எதிர்த்தவர்கள் வேகத்தை எதிர்க்கவில்லை. எழுப்பிவிட வந்தவன் நாட்குறிப்பு எழுதுகிறான், வாசலில் நுழைகிறவரைக் கணக்கெடுக்கிறான், வீட்டுச் சாவிகளை ஒவ்வொன்றாக இடுப்பில் செருகிக்கொள்கிறான் என்பதே அவர்கள் புகார். அந்த நாட்குறிப்பும் சாதாரண எழுத்தில் இல்லை. தனிக் கருவி கொண்டுதான் படிக்க முடியும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இந்த மனக்குறையை விளக்கவே வேண்டாம். ஆடிப்பூரத்தில் வடம் பிடித்த கைகள் அவை. தமிழ்நாட்டின் பெருந்தேர்கள் பலவற்றில் மரச் சக்கரம் போய் இரும்புச் சக்கரமும் பிரேக்கும் வந்தன. தேர் சுலபமாக நகர்கிறது, உயிருக்கும் பயமில்லை. ஆனால் சக்கரம் பழுதானால் உளியோடு ஓடிவந்த உள்ளூர் ஆசாரிக்கு அங்கே வேலை இல்லை. நல்ல மாறுதல்தான், அதற்காக ஆசாரியின் வருத்தம் பொய்யாகிவிடுமா?

2013 அக்டோபரில் டெபியனின் வழக்கு அதன் தொழில்நுட்பக் கமிட்டிக்கு வந்தது. அங்கத்தினர் எட்டுப் பேர். சிஸ்டம்டிக்கு நான்கு பேர், உபுண்டு வளர்த்த 'அப்ஸ்டார்ட்'டுக்கு நான்கு பேர். 2014 பிப்ரவரியில் தலைவர் பிடேல் கார்பி தம் தீர்மான வோட்டைச் சிஸ்டம்டிக்குப் போட்டார். சில நாட்களுக்குள் உபுண்டுவின் மார்க் ஷட்டில்வொர்த், தோல்வியை ஒப்புக்கொண்டு தாங்களும் அதே வழியில் வருவதாக அறிவித்தார். பெருந்தன்மையான காரியம்.

ஒரு வோட்டு வழக்கை முடிக்கும்; மனத்தாங்கலை முடிக்குமா? அவ்வாண்டு நவம்பரில் மறுபடி பொது வோட்டு நடந்தது. இந்த விஷயத்துக்குப் பொதுத் தீர்மானமே தேவையில்லை என்ற யோசனைதான் அதில் வென்றது! வோட்டு வேண்டாம் என்று வோட்டுப் போட்டவர்களை நினைத்துச் சிரிக்கலாம். ஆனால் அந்த மாதத்திலேயே கமிட்டியிலிருந்து சிஸ்டம்டியை எதிர்த்த இயன் ஜாக்சனும் விலகினார். அதை ஆதரித்து வாதாடிய ரஸ் ஆல்பெரியும் விலகினார். பல்லாண்டு உழைத்த ஜோயி ஹெஸ் டெபியனையே விட்டுப் போனார். வென்ற பக்கத்திலும் ஆள் குறைந்த சண்டை இது. பெட்டரிங்கோ, தமக்கு வந்த வசைகளையும் மிரட்டல்களையும் பகிரங்கமாகவே எழுதி வருந்தினார்.

மனம் ஆறாதவர்கள் டெபியனைப் படியெடுத்து, 'டெவுவான்' என்று தனிக் குடித்தனம் தொடங்கினார்கள். அதன் முதல் முழுப் பதிப்பு வெளிவர 2017 ஆகிவிட்டது. இங்கேதான் திறந்த மென்பொருளின் அழகும் கஷ்டமும் இருக்கின்றன. பாகப்பிரிவினையில் இருவருக்கும் முழு வீடே கிடைக்கிறது. கோர்ட்டுப் படி ஏற வேண்டியதில்லை. ஆனால் ஓடு மாற்றுவதும் ஒட்டடை அடிப்பதும் அவரவர் பாடு. உரிமை இலவசம், உழைப்பு இலவசமல்ல.

சிஸ்டம்டி வென்றது நியாயம் என்பதே என் அபிப்பிராயம். அதை நாள்தோறும் பராமரிக்கக் கைகள் இருந்தன; பழையதற்குப் புலம்பல் இருந்த அளவுக்குக் கைகள் இல்லை. ஆனாலும் 2019-இல் டெபியன் மீண்டும் வோட்டெடுத்தபோது, சிஸ்டம்டியை முதன்மையாக வைத்துக்கொண்டு, மாற்று வழிகளைத் தேடுவோருக்கும் இடம் தரும் யோசனையே வென்றது. இந்த நிதானம் ஐந்து ஆண்டு முன்னால் வந்திருந்தால் நல்ல மனிதர்கள் சிலர் மனம் நொந்து போயிருக்க மாட்டார்கள். சக்கரத்தை மாற்றுவதில் தவறில்லை. ஆசாரியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்றுவது மரியாதை. தேர் ஓடுவதற்கு வடம் பிடிக்கும் கைகளும் வேண்டுமே!