டர்போ பாஸ்கல்: காத்திருப்பை ஒழித்த கருவி

1980-களின் தொடக்கத்தில், தனிக்கணினியில் நிரல் எழுதியவர்களுக்கு இரண்டு வழிகளே இருந்தன. பேசிக் மொழியில் எழுதினால் உடனே ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் கணினி ஒவ்வொரு வரியாகப் படித்து இயக்கியதால் நிரல் மெதுவாக ஓடும். வேகம் வேண்டுமென்றால், நிரல் முழுவதையும் முன்கூட்டியே இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரை நாட வேண்டும். எடிட்டரில் எழுதிச் சேமித்து, அதிலிருந்து வெளியேறி, கம்பைலரை ஏற்றி, பின்னர் துண்டுகளை ஒரே நிரலாக இணைக்கும் லிங்கரை ஓட்ட வேண்டும். வன்வட்டு இல்லாத கணினியில் நடுநடுவே ஃபிளாப்பியையும் மாற்ற வேண்டும். ஓர் அரைப்புள்ளி விடுபட்டிருந்தாலும் எல்லாம் முதலிலிருந்து.

1983 நவம்பரில் வெளிவந்த டர்போ பாஸ்கல் இந்த நிலையை மாற்றியது. டென்மார்க்கைச் சேர்ந்த ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் பாஸ்கல் மொழிக்காக உருவாக்கிய கம்பைலரை, கலிபோர்னியாவில் பிலிப் கான் நடத்திய போர்லண்ட் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எடிட்டர், கம்பைலர் இரண்டும் ஏறத்தாழ 33 கிலோபைட் அளவுள்ள ஒரே கோப்பில் அடங்கின. நிரலை நினைவகத்திலேயே ஒரே ஓட்டத்தில் மொழிபெயர்த்து, அங்கேயே இயக்கியது. பிழை தென்பட்டால் அந்த இடத்திலேயே நின்று, எடிட்டரைத் திறந்து, பிழையான இடத்தில் கர்சரை வைத்தது. நிரலாளரின் சிந்தனை அறுபடாமல் காத்த இந்த ஏற்பாடுதான் அதன் பெரும் சாதனை.

இந்த வேகத்துக்கு ஒரு விலையும் இருந்தது. உருவாகும் நிரல் 64 கிலோபைட்டைத் தாண்ட முடியாது. 1987-இல் வந்த நான்காம் பதிப்பில்தான் அந்தத் தடை விலகியது. ஆனாலும் கற்பவர்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் அது பெரிய குறையாகப் படவில்லை. மற்ற கம்பைலர்கள் பல நூறு டாலருக்கு விற்றபோது, இது அஞ்சல் வழியே 49.95 டாலருக்குக் கிடைத்தது. உரிமமும் தாராளமானது: ஒரு புத்தகத்தைப் போல யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், எந்தக் கணினிக்கும் மாற்றலாம், ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் மட்டும் கூடாது.

எடிட்டரும் கம்பைலரும் ஒன்றாக அமைந்த இதே வடிவம் 1987-இல் டர்போ சி-க்கும் 1990-இல் டர்போ சி++-க்கும் வந்தது. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் மாணவர்கள் பழகிய நீலத்திரை இதுதான். கன்ட்ரோல்-எஃப்9 அழுத்தி ஓட்டுவதும், ஆல்ட்-எஃப்5 அழுத்தி விடையைப் பார்ப்பதும் அவர்களுக்குக் கைப்பழக்கமாயின. சி++ மொழிக்கு 1998-இல் முதல் பன்னாட்டுத் தரம் வந்த பிறகும் பல ஆய்வகங்கள் இதைக் கைவிடவில்லை. புதிய விண்டோஸில் ஓடாதபோது பழைய டாஸ் நிரல்களை இயக்க உதவும் டாஸ்பாக்ஸ் வழியாக ஓட்டினார்கள். பழைய கணினியிலும் சிரமமின்றி இயங்கியது உண்மைதான். ஆனால் தரத்துக்கு முந்தைய சி++ மொழியைக் கற்றவர்கள், வேலைக்குச் சென்றபின் பலவற்றை மறுபடி கற்க நேர்ந்தது.

ஹெய்ல்ஸ்பெர்க் போர்லண்டில் டெல்ஃபை என்ற நிரலாக்கக் கருவியை 1995-இல் கொண்டுவந்துவிட்டு, மறு ஆண்டு மைக்ரோசாஃப்டில் சேர்ந்தார். அங்கே சி# மொழியையும், 2012-இல் வெளியான டைப்ஸ்கிரிப்டையும் வடிவமைப்பதில் முதன்மைப் பங்கு வகித்தார். அந்த டைப்ஸ்கிரிப்டில்தான் 2015-இல் அறிமுகமான விஷுவல் ஸ்டுடியோ கோட் எடிட்டர் எழுதப்பட்டது.