மறைத்துச் சுமக்கும் பை

ஆகஸ்ட் 5 என்றதும் தமிழகக் கத்தோலிக்கருக்குத் தூத்துக்குடிப் பனிமய மாதா பெருவிழாவே நினைவுக்கு வரும். 1981-ஆம் ஆண்டு அதே திருநாளில், உரோமை நகரின் ஜெமெல்லி மருத்துவமனையில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் மீண்டும் ஓர் அறுவைச் சிகிச்சைக்கு உட்பட்டார். மே 13 அன்று புனித பேதுரு சதுக்கத்தில் அவர்மேல் பாய்ந்த குண்டு குடலைப் பல இடங்களில் கிழித்திருந்தது. கிழிந்தவற்றை வெட்டித் தைத்த மருத்துவர்கள், தையல் ஆறும்வரை அவ்வழியே மலம் செல்லாதிருக்க, குடலின் ஒரு பகுதியை வயிற்றுச் சுவரின் வழியே வெளிக்கொணர்ந்து திறந்து வைத்தனர். அத்திறப்பை மூடுவதற்கான அறுவையே ஆகஸ்ட் 5-இல் நிகழ்ந்தது.

இடைப்பட்டவை 84 நாள்கள். அக்குண்டு பின்னாளில் பாத்திமா அன்னையின் மகுடத்தில் பதிக்கப்பட்டதை நம்மில் பலரும் அறிவோம். திருச்சபையின் தலைவர் அத்தனை நாள் வயிற்றில் பை அணிந்து வாழ்ந்தார் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. மருத்துவர்கள் இன்னும் சில காலம் பொறுத்திருக்க விரும்பினர்; அவரோ விரைவில் மூடிவிடும்படி வலியுறுத்தினார். துன்பத்தின் பொருளைப் பற்றி 1984-இல் திருமடலே எழுதவிருந்தவர் இதில் அவசரம் காட்டினார் என்பதை நாம் குறையாகக் கூறவில்லை. அந்நிலையில் வாழும் எளியவருக்கு இஃது ஓர் ஆறுதல்.

இத்திறப்பை மருத்துவர்கள் ஸ்டோமா என்பர். கிரேக்கத்தில் அதற்கு 'வாய்' என்று பொருள். நம் மக்கள் 'பை வைத்திருக்கிறார்' என்று குரலைத் தாழ்த்திச் சொல்வதோடு நிறுத்திக்கொள்வர். புற்றுநோய், குடற்புண், விபத்து, பிறவிக்குறை எனக் காரணங்கள் பல. சிலருக்குச் சில மாதங்கள். சிலருக்கு வாழ்நாள் முழுவதும். சிவந்து ஈரமாக வெளியே தெரியும் அந்தக் குடல்முனைக்கு, தொட்டாலும் வலி தெரியாது. ஆனால் அடக்கிவைக்கும் தசை அதற்கில்லை. எப்போது, எவ்வளவு வெளியேறும் என்பது அவர் கையில் இல்லை. வாழ்வின் புதிய கடினம் இதில்தான் தொடங்குகிறது.

வயிற்றில் வழி திறக்கலாம் என்ற எண்ணத்தை 1710-இல் பிரான்சு நாட்டு மருத்துவர் லித்ரே வெளியிட்டார். மலவாய் இன்றிப் பிறந்து இறந்த குழந்தையொன்றின் உடலை ஆய்ந்தபோது அவருக்குத் தோன்றிய எண்ணம் அது. செயலில் வெற்றிபெற 83 ஆண்டுகள் ஆயின. 1793-இல், பிரெஞ்சுப் புரட்சி கொந்தளித்த காலத்தில், பிரெஸ்து துறைமுக நகரில் அதே குறையுடன் பிறந்த பச்சிளங் குழந்தைக்குத் துய்ரே என்ற அறுவை மருத்துவர் இடது அடிவயிற்றில் வழி திறந்தார். அக்குழந்தை 45 வயதுவரை வாழ்ந்தது. அந்த 45 ஆண்டுகள் எப்படிக் கழிந்தன என்பதே நாம் அறிய விரும்புவது; மருத்துவ நூல்களோ அறுவையை மட்டுமே போற்றுகின்றன. 1795-இல் வண்டிக் கழி வயிற்றில் பாய்ந்த ஓர் உழவருக்குத் தகெசோ என்பவர் இவ்வாறே செய்தார். அவர் 81 வயதுவரை வாழ்ந்தார் என்றும், சுருக்குக் கயிறுள்ள சிறு தோற்பையில் மலத்தை ஏந்திக்கொண்டார் என்றும் குறிப்பு உள்ளது. அந்தத் தோற்பையைத் தைத்தது யார், நாள்தோறும் கழுவியது யார் என்று எவரும் எழுதிவைக்கவில்லை.

1908-இல் இலண்டனில் மைல்ஸ் மலக்குடல் புற்றுக்கு விரிவான அறுவையை வகுத்தார். 1952-இல் பர்மிங்காமில் புரூக், சிறுகுடலின் முனையைச் சட்டைக் கையை மடிப்பதுபோல் மடித்துத் தைக்கும் முறையைக் கண்டார். உயிர்கள் பிழைத்தன. பிழைத்தவர் வீட்டை விட்டு வெளியேற வழி காட்டியவர்களோ பெரும்பாலும் செவிலியரும் நோயாளரும்.

தென்மார்க்கில் எலிசே சோரன்சன் என்ற செவிலியரின் தங்கை தோரா, குடல் அறுவைக்குப் பின் கசிவுக்கு அஞ்சி வெளியே செல்வதையே நிறுத்திவிட்டார். தமக்கை 1954-இல் ஒட்டும் வளையம் கொண்ட மெல்லிய பிளாஸ்டிக் பையொன்றைச் சிந்தித்தார். ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடலாம். பிளாஸ்டிக் உற்பத்தியாளர் லூயி-ஹேன்சன் முதலில் ஆர்வம் காட்டவில்லை. செவிலியரான அவருடைய மனைவி எடுத்துரைத்த பின்னரே இசைந்தார். அவ்வகையில் 1957-இல் தோன்றியதே கோலோபிளாஸ்ட் நிறுவனம்.

அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் டர்ன்புல் என்ற அறுவை மருத்துவர், தம்மிடம் சிகிச்சை பெற்ற நோர்மா கில்லை 1958-இல் தம் மருத்துவமனையிலேயே பணியில் அமர்த்தினார். தாமே பை அணிந்த அப்பெண்மணி, மற்றவர் படுக்கையருகே அமர்ந்து கற்பித்தார். 1961-இல் அது பயிற்சிப் பள்ளியாயிற்று. தோல் புண்ணாவதைத் தடுக்க டர்ன்புல் கண்ட வழி நமக்கு நெருக்கமானது. பல்செட்டை ஒட்டவைக்கப் பயன்பட்ட கராயா பிசின் ஈரத்தோலிலும் பற்றும் என அவர் கண்டார். அப்பிசினுக்கு உலகின் முதன்மை நிலம் இந்தியா. வெளிறிய பட்டையுடைய மரத்தைக் கீறி, வறண்ட காடுகளில் பழங்குடியினர் சேகரிப்பது. ஆந்திரத்தில் கிரிஜன் கூட்டுறவுக் கழகம் அவர்களிடம் வாங்குவது. இப்படிக் கிழக்குத்தொடர்ச்சி மலைகளின் பிசின் கடல் கடந்து அயல்நாட்டு நோயாளரின் தோலைக் காத்த காலத்தில், நம் நாட்டு ஏழை நோயாளி பஞ்சையும் பழந்துணியையும் கடைப்பையையும் வயிற்றில் கட்டிக்கொண்டிருந்தார். 1970-களில் பம்பாயில் இத்தகையோர்க்கான சங்கம் தோன்றியது. அயல்நாடுகளில் செயற்கைப் பசைகள் வந்து பிசினின் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டன. துணி கட்டுவோர் நம்மிடையே இன்னும் உள்ளனர்.

அதே மலைத்தொடரின் தென்கோடிக் கண்ணிகளுள் ஒன்று நம் சேர்வராயன் மலை. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் உழைப்பவர் ஒருவர் சேலத்தில் இந்த அறுவை முடிந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வீடு திரும்புகிறார் எனக் கொள்வோம். அறுவடையில் பழம் பறிக்கும் பையை இடுப்பில் கட்டுவது வழக்கம். இனி அது திறப்பின்மேல் அழுத்தும். மூட்டை தூக்கினால் திறப்பருகே குடல் பிதுங்கும். சிறுகுடலில் திறப்பு உடையவராயின் மலையின் பலாச்சுளை, ஆரஞ்சுத் தோலை, ஏரிக்கரையில் விற்கும் சோளக்கதிர் ஆகியவற்றை மிக மென்றே உண்ண வேண்டும், இல்லையேல் அடைத்துக்கொள்ளலாம். நீரும் உப்பும் உடலிலிருந்து விரைந்து வெளியேறுவதால், உப்பிட்ட கஞ்சியும் மோரும் அவருக்கு மருந்தே. பையில் மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்தல் வேண்டும். அதற்கு நீரும் மறைவிடமும் வேண்டும். மலைச்சிற்றூர்களில் இவ்விரண்டும் எளிதல்ல.

ஞாயிறு திருப்பலியில் அவர் கடைசி வரிசைக்குச் செல்வதைக் காணலாம். எழுந்தேற்றத்தின் பேரமைதியில் வயிற்றிலிருந்து ஒலி எழுமோ என்ற அச்சம் அவருக்கு. சிலர் வருவதையே நிறுத்திவிடுகின்றனர். நாமோ பக்தி குறைந்ததாக எண்ணிக்கொள்கிறோம். மாற்கு நற்செய்தியின் 5-ஆம் அதிகாரத்தில் 12 ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண் பின்னாலிருந்து ஆண்டவரின் ஆடையைத் தொடுகிறார். லேவியர் நூலின்படி அவர் தீட்டுடையவர். கூட்டத்தில் நிற்பதே குற்றம். நம்மிடம் அச்சட்டம் இல்லை. கூச்சம் அதன் இடத்தில் நிற்கிறது. சட்டத்தைப் பொறுத்தவரை திருச்சபை கனிவாகவே உள்ளது. நற்கருணைக்கு முன்னான ஒரு மணி நேர நோன்பு முதியோரையும் நோயுற்றோரையும் அவர்களைப் பராமரிப்போரையும் கட்டுப்படுத்தாது என்கிறது 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 919-ஆம் விதி. நேரம் தவறாது உண்ண வேண்டியவருக்கு இது பெரிய உதவி. அறிந்தோர் எத்தனை பேர்?

இரண்டாம் ஜான் பால் 1992-இல் ஏற்படுத்திய உலக நோயாளர் நாள் பிப்ரவரி 11-இல் பங்குகளில் கொண்டாடப்படுகிறது. பை அணிந்தவர் பார்வைக்கு நலமாகத் தோன்றுவதால் நோயாளர் வரிசையில் சேர்வதில்லை; நலமுள்ளோரிடையேயும் அவர் மனம் இயல்பாக இல்லை. ஏற்காட்டில் நம் துறவற சபைகளின் இல்லங்களுக்குத் தியானத்துக்காக ஆண்டுதோறும் பலர் வருகின்றனர். தங்கும் தியானம் என்றாலே இவர்கள் பின்வாங்குவர். அவர்கள் தேடுபவை சிறியவை: தாழ்ப்பாள் சரியாக விழும் கதவு, இரவிலும் நீர் வரும் குழாய், மூடியுள்ள குப்பைக் கூடை, மாற்றுப்பையைத் தொங்கவிட ஓர் ஆணி. எவரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள்.